பரீட்சை ஹாலில் ஒரு வண்டு

மூச்சு விடச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குவது என் தொழில். பிறந்ததிலிருந்து எல்லோரும் சும்மாவே செய்துகொண்டிருக்கும் ஒரு காரியத்துக்குப் பாடத்திட்டம், வருகைப் பதிவேடு, வாரத்துக்கு நான்கு பீரியட் என்று வைத்து நடத்துவது எவ்வளவு சங்கடமான பிழைப்பு என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மல்லசமுத்திரம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் நான் யோகா ஆசிரியை. கொண்டப்பநாயக்கன்பட்டியில் காலை ஆறு மணிக்கு பஸ் ஏறி, சேலத்தில் இறங்கி, இன்னொரு பஸ்ஸில் தொங்காத குறையாக நின்றுகொண்டு வந்து சேர்ந்து, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வகுப்புக்குள் ஓடிப்போய், "அவசரமே இல்லாமல் மூச்சை இழுங்கள்" என்பேன்.

இதைப் படிக்கிற நீங்களும் எங்கள் கட்சிதான் என்று எடுத்துக்கொள்கிறேன். விடிய விடியப் படித்தது ஹால் வாசலோடு காணாமல் போனது, உள்ளங்கை வேர்வையில் பேனா வழுக்கியது எல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும். என் வகுப்புக்கு வருகிற பிள்ளைகளும் அதே ரகம்தான். அவர்களோடு நான் பட்ட பாட்டில் சிலவற்றைச் சொல்கிறேன். பெரும்பாலும் மேகலா என்ற ஒரு பெண்தான் வருவாள். பொறுத்துக்கொள்ளுங்கள், அந்த செமஸ்டர் முழுக்க என் தலைக்குள் வேறு யாருக்கும் இடமில்லாமல் இருந்தது.

கண் மூடிய போட்டோ

கல்லூரி மலருக்கு யோகா வகுப்பைப் படம் பிடிக்க வேண்டும் என்று முதல்வர் சொல்லிவிட்டார். திருச்செங்கோட்டில் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் ஒருவர் வந்தார். செமினார் ஹாலில் ஜமுக்காளம் விரித்து, நாற்பது பேரைச் சம்மணம் போட்டு உட்கார வைத்து, கண்ணை மூடி நாடி சுத்தி என்ற மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்லியிருந்தேன். அவர் ஏணி மேல் ஏறி ஒரு படம், தரையில் படுத்து ஒரு படம் என்று எடுத்துத் தள்ளினார். எடுத்ததையெல்லாம் காமிராவின் சின்னத் திரையில் ஓட்டிப் பார்த்துவிட்டு முகம் சுருங்கிப் போனார். கண் மூடிய படத்தைக் கல்யாண வீட்டுக்காரர்கள் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்ற பழக்க தோஷம்.

இது கண் மூடிச் செய்கிற பயிற்சிதான் என்று எவ்வளவோ விளக்கினேன். அவர் பாதிதான் நம்பினார். கடைசியில் ஒரு படத்தைப் பெரிதாக்கி என்னிடம் நீட்டினார். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் மட்டும் கண்ணை அகல விழித்து, ஏதோ சத்தத்துக்குக் காத்திருப்பவள் போலத் தலையை லேசாகச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். அவள்தான் மேகலா, இரண்டாம் வருஷம். அன்றுதான் அவளை முதல் தடவையாகக் கவனித்தேன். போட்டோகிராபர் சொன்னார்: "இந்த அம்மிணி ஒண்ணுதானுங்க மேடம் சொன்ன பேச்சுக் கேட்டு ஒழுங்கா போஸ் குடுத்திருக்குது."

முதல் அரை மணி

பரீட்சை தொடங்கி முதல் அரை மணி நேரத்துக்கு யாரும் வெளியே போகக் கூடாது என்று ஒரு விதி உண்டு. அரை மணி நேரம் ஆனதும் பெல் அடிப்பார்கள். அந்த பெல் அடித்த நொடியில் எழுந்து தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுவாள் மேகலா. ஒரு பரீட்சையில் இல்லை, இரண்டு செமஸ்டராக எல்லாப் பரீட்சையிலும். டாக்டரிடம் காட்டியாயிற்று, உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. கணக்கோ அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஹாஸ்டலில் பாதிப் பேர் அவளிடம் கேட்டுத்தான் போடுவார்கள். அவள் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லாம் பாஸ். அவளுக்கு அரியர்.

வகுப்பு முடிந்து அவளை உட்கார வைத்துக் கேட்டேன். ஹாலில் எல்லோரும் தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்ததும் நெஞ்சு படபடவென்று அடிக்குமாம், காது அடைத்துக்கொள்ளுமாம், எதுவோ நடக்கப்போகிறது, உடனே எழுந்து ஓட வேண்டும் என்று இருக்குமாம். என்ன நடக்கப்போகிறது என்று கேட்டால் அவளுக்கும் தெரியவில்லை. அழுதிருந்தால் தேற்றியிருப்பேன். அவள் கணக்குப் பாடம் ஒப்பிக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்: "எங்கப்பாகிட்டச் சொல்லிப்போட்டேனுங்க மேம். இந்தத் தடவையும் பாதியில எந்திரிச்சு வந்தேன்னா, பொட்டியக் கட்டிக்கிட்டு ஊட்டுக்கே வந்தர்றேன், படிப்பு போதும்னு. அவருக்குத்தான் அழுகை வந்துருச்சுங்க."

கோழிப்பண்ணைக்காரர்

பெற்றோர் கூட்டத்தன்று நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒருவர் தன் மகனைத் தேடிக்கொண்டு வந்து எங்கள் ஹால் ஜன்னலில் நின்றார். உள்ளே கபாலபாதி நடந்துகொண்டிருந்தது. வயிற்றை வெட்டி வெட்டி மூச்சை வெளியே தள்ளுகிற பயிற்சி. நாற்பது பேர் ஒரே நேரத்தில் செய்தால் சத்தம் கொஞ்சம் விபரீதமாகத்தான் இருக்கும். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மகன் முகத்தைப் பார்த்து, பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

மனப் பதற்றம் குறைவதற்கான பயிற்சி என்றேன். மரியாதையாகத் தலையாட்டினார். ஆனால் மனசு கேட்கவில்லை போல. வாசல் வரை போனவர் திரும்பி வந்து சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க மேடம், வெயில் காலத்துல எங்க பண்ணையில கோழி இப்படி மூச்சு வாங்குச்சுன்னா நாங்க ஒடனே மேல தண்ணி அடிச்சு உடுவோமுங்க." வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. மேகலா சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

மாடி அறை

இனி என் முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். பதற்றப்படுகிறவளுக்கு என்ன தேவை? அமைதி. இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. பெண்கள் ஹாஸ்டலின் மேல் மாடியில் உடைந்த கட்டில்கள் போட்டு வைத்திருந்த ஒரு அறையை வார்டன் சரோஜா அக்காவிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கினேன். கட்டில்களை வெளியே எடுத்துப் போட்டு, பெருக்கித் துடைத்து, ஜன்னல்களுக்குக் கெட்டித் திரை மாட்டினேன். சுவர்க் கடிகாரம் டிக் டிக் என்றது, அதன் பேட்டரியையும் கழற்றினேன். ஃபேன் லேசாக முனகியது, அதையும் நிறுத்தினேன். அந்த மாடிப் பெண்களிடம் சாயங்காலம் ஐந்து முதல் ஐந்தரை வரை நடந்தால்கூடச் செருப்பில்லாமல் நடக்க வேண்டும் என்று உத்தரவு போட்டேன். நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

நான்கு நாள் மேகலா அந்த அறையில் சவாசனத்தில் படுத்தாள். நான் சொன்னேன் என்பதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள் என்பது எனக்கு உறைக்கவில்லை. ஐந்தாம் நாள் பத்தாவது நிமிடத்தில் எழுந்து, வெறுங்காலோடு மூன்று மாடியும் இறங்கி ஓடி, மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிற இடத்தில் போய் நின்றுகொண்டாள். நான் போய்க் கையைப் பிடித்தால் கை சில்லிட்டிருந்தது. சமையல்காரம்மா தட்டுகளைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தார், அந்தச் சத்தத்தில்தான் அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியானாள். அதைக் கண்ணால் பார்த்தும் எனக்குப் புரியவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. சரோஜா அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "இத்தன நாளா அந்தப் புள்ள பரீட்சைக்கு மட்டுந்தான் பயந்துக்கிட்டிருந்துச்சுங்க மேடம். இப்ப உங்களுக்கும் சேத்துப் பயப்படுது."

குமாரபாளையத்துக்கு ஒரு போன்

பரீட்சைக்கு இருபது நாள்தான் இருந்தது. குற்ற உணர்ச்சி தாங்காமல் மேகலாவின் அப்பாவுக்கு போன் செய்தேன். குமாரபாளையத்தில் விசைத்தறி வைத்திருக்கிறார். முன்பக்கம் தறிக்கூடம், பின்பக்கம் வீடு, நடுவில் ஒரே சுவர். போனை எடுத்ததும் தறிச் சத்தம் என் காதைப் பிய்த்தது. அவர் கத்துகிறார், நானும் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு கத்துகிறேன். உங்கள் மகளை நான் சரிசெய்வதற்குப் பதிலாகக் கெடுத்துவிட்டேன் போலிருக்கிறது என்று ஊர் கேட்க ஒப்புக்கொண்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளை சாப்பிடுகிறதா என்று கேட்டார்.

பாதிப் பேச்சில் திடீரென்று அந்தப் பக்கம் சத்தம் நின்றது. "இருங்க மேடம்" என்ற குரல், பிறகு ஆட்கள் ஓடுகிற காலடி, யாரோ யாரையோ அதட்டுவது. கரண்ட் போனதோ, மோட்டார் புகைந்ததோ, யார் கையாவது மாட்டியதோ என்று எனக்கே படபடப்பாகிவிட்டது. ஐந்து நிமிடம் கழித்துத் தறி மறுபடி ஓடத் தொடங்கியது, அவரும் வந்தார். ஒன்றுமில்லை, ஃப்யூஸ்தான் போயிருக்கிறது. இவ்வளவு பதறிப்போய் ஓடினீர்களே என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தறிக்காரன் ஊட்ல சத்தம் இருக்கற வரைக்கும் யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டோமுங்க மேடம். சத்தம் நின்னுச்சுன்னாத்தான் போட்டது போட்டபடி எந்திரிச்சு ஓடுவோம். மேகலா தொட்டில்ல கெடக்கறப்பவே தறி ஓடுனாத் தூங்கும், தறி நின்னா முழிச்சுக்கும். அது படிச்ச பள்ளிக்கூடத்தச் சுத்தியுந்தான் தறிச் சத்தமுங்க."

செவுத்துல காது

பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பஸ்ஸை விட்டேன். கல்லூரியிலேயே மிக அமைதியான இடம் பரீட்சை ஹால். சத்தம் இல்லையென்றால் எழுந்து ஓடு என்று அந்தத் தறி பத்தொன்பது வருஷமாக அவள் உடம்புக்குச் சொல்லி வைத்திருக்கிறது. அவளைப் பிடித்து, கடிகாரத்தின் பேட்டரியையும் கழற்றிவிட்டு, இன்னும் பெரிய அமைதியில் படுக்க வைத்திருக்கிறேன் நான். பதினான்கு வருஷ அனுபவம் என்று என்னைப் பற்றிக் கல்லூரி மலரில் போட்டிருக்கிறார்கள்.

மறுநாள் வகுப்பில் பிராமரி சொல்லிக்கொடுத்தேன். உதட்டை மூடிக்கொண்டு மூச்சை வெளியே விடும்போது வண்டு மாதிரி ம்ம்ம் என்று ரீங்காரம் செய்வது. பிள்ளைகள் சிரித்துக் கெடுப்பார்கள் என்று இத்தனை நாள் அதைத் தவிர்த்து வந்தேன். சிரிக்கத்தான் சிரித்தார்கள். சிவில் துறை பேராசிரியர் ஒருவர் எந்த மோட்டார் ஓடுகிறது என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாவது சுற்றில் சிரிப்பு அடங்கியது, காதுகளைப் பொத்திக்கொண்டு ஹாலே ஒரே சுருதியில் ரீங்கரித்தது. மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். மேகலா கண்ணை மூடியிருந்தாள். தோள் இரண்டும் தளர்ந்து கீழே இறங்கியிருந்தன. எல்லோரும் எழுந்து போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "எங்க ஊட்ல செவுத்துல காத வச்சுப் படுத்தா, அந்தப் பக்கம் தறி ஓடறது இப்படித்தானுங்க மேம் கேக்கும்."

முதல்வர் அறை

பரீட்சை ஹாலில் இதைச் செய்யலாமா என்று மேகலா கேட்டாள். யோசனை அவளுடையது. உற்சாகத்தில் முதல்வர் அறைக்கு ஓடியது நான். விஷயத்தை முதலிலிருந்து சொன்னேன், தறி, சுவர், வண்டு எல்லாம். அவர் நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். மேகலா படிப்பை நிறுத்திவிடக் கூடாது என்பதில் அவருக்கும் அக்கறை உண்டு. ஆனால் பல்கலைக்கழகப் பரீட்சை, கண்காணிப்பாளர் வெளியூரிலிருந்து வருகிறவர், பக்கத்தில் எழுதுகிறவன் புகார் கொடுத்தால் அவள் தாளையே பிடுங்கிவிடுவார்கள். தனி அறை தரலாமா என்றேன். தனி அறை இன்னும் அமைதியாக இருக்குமே மேடம் என்று அவரே மடக்கினார். அது நியாயம்தான்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு கடைசியாகச் சொன்னார்: "ஹாலில் அமைதி காக்கவும்னு சுவத்துக்குச் சுவர் எழுதி ஒட்டியிருக்கோம். அதுக்குக் கீழே, மேகலா தவிரன்னு எழுதச் சொல்றீங்களா?"

நூலகர்

ஆக, தனக்கு மட்டும் கேட்கிற சத்தத்தை மேகலா கண்டுபிடித்தாக வேண்டும். மிட்டாய்க் காகிதம் பிரிக்கிற ஓசைக்கே எழுந்து வருகிறவர் எங்கள் நூலகர். அவர் மேஜைக்கு நேர் எதிரே உட்கார்ந்து தினமும் ஒரு மணி நேரம் மெல்ல ரீங்கரித்தபடி கணக்குப் போடுவது என்று முடிவு செய்தோம். முதல் நாள் பத்தே நிமிடத்தில் எங்கள் இருவரையும் வெளியே அனுப்பினார். இரண்டாம் நாளும் அனுப்பினார். மூன்றாம் நாள் "இது படிக்கற எடமுங்க, பஜனை மடமில்லை" என்று என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டுத் திட்டினார்.

பிறகுதான் மேகலா ஒரு தந்திரம் கண்டுபிடித்தாள். இடது முழங்கையை மேஜையில் ஊன்றி, உள்ளங்கையால் இடது காதை அழுத்திக்கொண்டால் சின்ன ரீங்காரம்கூடத் தலைக்குள் பெரிதாகக் கேட்கும். அப்புறம் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வரலாம். வலது கை எழுதிக்கொண்டிருக்கும். இதை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. நானும் செய்து பார்த்தேன், அவள் சொன்னது சரி. ஒன்பதாம் நாள் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வரும்போது நூலகர் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "ஏனுங்க மேடம், எப்ப வந்தீங்க? வந்ததே தெரியிலீங்களே."

கடைசி மணி

முதல் பரீட்சையே கணக்கு. எனக்கு அன்று ஹால் வேலை இல்லை, வீட்டில் இருந்திருக்கலாம். காலையிலேயே வந்து சைக்கிள் ஸ்டாண்ட் பக்கத்து சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து ஹால் வாசலும் ஜன்னல்களும் தெரியும். உள்ளே போகும்போது மேகலா என்னைப் பார்க்கவில்லை. பார்த்தும் பார்க்காத மாதிரி போனாளோ என்னவோ. அவளுடைய பெட்டி கட்டித் தயாராக இருக்கிறது என்று காலையில் சரோஜா அக்கா சொல்லியிருந்தார். எனக்குத் தெரிந்த எல்லாப் பிராணாயாமமும் செய்து பார்த்தேன், ஒன்றும் வேலைக்காகவில்லை.

அரை மணி பெல் அடித்தது. கதவு திறந்தது. இரண்டு பேர் வெளியே வந்தார்கள், இரண்டும் பையன்கள். ஒன்றும் தெரியாததால் எழுந்து வந்தவர்கள், பாவம். கதவு சாத்திக்கொண்டது. ஒரு மணி நேரம் ஆனது. ஒன்றரை ஆனது. கண்காணிப்பாளர் ஜன்னலோரமாக நடந்து ஒரு இடத்தில் நின்றார், குனிந்து யாரிடமோ ஏதோ கேட்டார். அது மேகலாவின் இடம் என்று எனக்குத் தெரியும், காலையில் பார்த்து வைத்திருந்தேன். தாளைப் பிடுங்கப்போகிறார் என்று எழுந்தே நின்றுவிட்டேன். அவர் நிமிர்ந்து நடந்து போய்விட்டார்.

கடைசி மணி அடித்ததும் எல்லோரும் திமுதிமுவென்று வெளியே வந்தார்கள். மேகலா இல்லை. கடைசியாகக் கண்காணிப்பாளர் விடைத்தாள் கட்டோடு வந்தார். அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று வழிமறித்துக் கேட்டேன். "பல் வலி போலிருக்குங்க, கன்னத்துல வச்ச கையை எடுக்கவே இல்லை. வேணும்னா மாத்திரை வாங்கித் தரச் சொல்லட்டுமான்னு கேட்டேன், வேண்டாம்னு தலையாட்டுச்சு. நான் தாளை இழுக்கிற வரைக்கும் எழுதிக்கிட்டுத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருக்குப் பின்னால் மேகலா வந்தாள். முகம் உம்மென்று இருந்தது, நெற்றி சுருங்கியிருந்தது. இடது காது சிவந்து கிடந்தது. என்ன ஆச்சு, சொல்லு சாமி என்று நான் அவள் கையைப் பிடித்தேன். கை சூடாக இருந்தது. அவள் வினாத்தாளை என் முகத்துக்கு நேரே நீட்டி, விரலால் தட்டிக் காட்டி, நிஜமான எரிச்சலோடு சொன்னாள்: "பாருங்க மேம், கடைசிக் கணக்கு பாதியில நின்னுபோச்சு. மூணு மணி நேரம் எப்படீங்க பத்தும்?"

மற்ற ஆசிரியர்கள் எல்லாம் தங்கள் மாணவர்கள் வாங்கிய மதிப்பெண்ணைச் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். நானோ என் மாணவிக்கு நேரம் போதவில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன், கேட்கிறவர்கள்தான் எனக்குக் கொஞ்சம் ஓய்வு தேவை என்கிறார்கள்.